இருநூற்று அறுபது கிலோ

ஃபாகெர்நெஸ், ஏரிக்கரை முகாம்
பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை வந்திருக்கிறது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் ஐலிவ் அத்தானும் நன்றாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இது. முகாமின் சொந்தக்காரர் குன்வோர் ஏரிப்பக்கத்தை விற்றுவிட்டார். மூன்றாவது, நான்காவது வரிசைக் கேரவன்கள் ஜூன் 20க்குள் வெளியேற வேண்டும். என்னுடையது நான்காவது வரிசை. மற்றவர்களுக்கு அது காரில் கட்டி இழுத்துவரும் கோடை விடுமுறை வண்டி. எனக்கு வீடு. ஆள் குடியிருக்கும் கேரவனை வேறு முகாம்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து இடத்தில் கேட்டாகிவிட்டது.

மர ஆலையில் என் ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். என் டீசல் கார் போன இலையுதிர் காலப் பரிசோதனையில் தேறவில்லை. பழைய இரும்பாகப் போயிற்று.

நீங்கள் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருப்பதாக மார்தே சொன்னாள். நானும் அவளும் பிரிந்த பிறகும் உன் செய்தி எனக்கு அவள் வழியாகத்தான் வருகிறது. காரின் பின்னால் இழுவைக் கொக்கி இருக்கிறதாம்.

உன் களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கும் வயலில் கேரவனைக் கொண்டுவந்து நிறுத்தலாமா? முன்பு ஒரு முறை இரண்டு வாரம் என்று வந்து பதினான்கு மாதம் இருந்தேன். மறக்கவில்லை. இந்த முறை எத்தனை நாள் என்று சொல்லப்போவதில்லை.

இங்கிருந்து ஃபேர்டே 250 கிலோமீட்டர்.

உன் தலைவலி குறைந்ததா?

சிந்த்ரே


ஃபேர்டே
பிப்ரவரி 27

அன்புள்ள சிந்த்ரே,

தலைவலி வந்து போகிறது. ஐலிவுக்கு முதுகு. உன் முழங்காலை மருத்துவரிடம் காட்டினாயா? தாமதத்துக்குப் பனி, அலுவலகம், இரண்டும் காரணம்.

ஐலிவ் கணக்குப் போட்டுப் பார்த்தார். காருக்கு ஒரு சார்ஜில் 410 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. கேரவனைக் கட்டினால் 190. குளிரில் இன்னும் குறையும். ஃபிலேஃபியெல் மலைப்பாதை ஏறும்போது எவ்வளவு தின்னும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

வழியில் ஒரு முறையாவது சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் போடும் இடங்களெல்லாம் காரை மட்டும் மனதில் வைத்துக் கட்டியவை. மூக்கை உள்ளே நுழைத்து நிறுத்த வேண்டும். கேரவனோடு நின்றால் பின்னால் நான்கு கார்களுக்கு வழி அடைபடும். அதற்காகக் கேரவனைக் கழற்றி எங்கேயாவது விட வேண்டும். எங்கே விடுவது? மலைச்சரிவில் கழற்றுவது பாதுகாப்பில்லை என்று ஐலிவ் சொல்கிறார். பிறகு வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஃபெரியில் நீளத்துக்கு ஏற்ப இடம் கிடைக்க வேண்டும்.

கார் தாங்குமா என்பதுதான் கேள்வி. இன்னும் சில விஷயங்கள் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்வில்


ஃபாகெர்நெஸ்
மார்ச் 6

அன்புள்ள அக்கா,

முழங்காலைக் காட்டினேன். நடக்கச் சொன்னார்கள். நடக்கிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில்.

ஒன்று: லேர்டாலில் கார் சார்ஜ் போடும் பெட்ரோல் பங்குக்குப் போன் செய்தேன். லாரிகள் ஓய்வெடுக்கும் சமதளம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரவனை அங்கே கழற்றலாம். நாற்பது நிமிடம் போதும் என்கிறார்கள்.

இரண்டு: ஜூனில் குளிர் இல்லை.

மூன்று: ஃபெரி பெரியது. கால்நடை லாரிகளே ஏறுகின்றன.

மிச்சம் இருப்பது மலை. அதற்கு நான் எடையைக் குறைக்கிறேன். எதிர்வரிசையில் இருக்கும் ஸ்வெர்ரேயிடம் மான் இறைச்சி எடைபோடும் தொங்கு தராசு இருக்கிறது. கூரை வேய்கிறவன், வாய் நீளம். நான் கணப்பு அடுப்பை அதில் மாட்டியதைப் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"ஏம்ப்பா, இதத் தோலு உரிச்சிட்டுத் தொங்கவிட்டியா, அப்படியேவா?"

"அப்படியேதான்."

"எங்க சுட்டே?"

அடுப்பு 17 கிலோ. முன்கூடாரமும் அதன் கம்பிகளும் 41. இரண்டு கேஸ் சிலிண்டரில் ஒன்று, 25. மொத்தம் 83. எல்லாவற்றையும் ஸ்வெர்ரேயே எடுத்துக்கொண்டான்.

வயல் பற்றி நீ எழுதவில்லை.

ஐலிவின் முதுகுக்கு என் விசாரிப்பு.

சிந்த்ரே


ஃபேர்டே
ஏப்ரல் 3

அன்புள்ள சிந்த்ரே,

இங்கே மழை. நாங்கள் சுகம். ஈஸ்டருக்கு எங்கும் போகவில்லை. உன் பிள்ளைகள் அங்கே வந்தார்களா? ஆக்னெஸ் இப்போது எந்த வகுப்பு?

நீ எடை குறைப்பதைப் பற்றி ஐலிவிடம் சொன்னேன். "சமதளத்துல கனம் பெருசில்ல. முன்னால முட்டுற காத்துதான் எதிரி. கேரவன்னா என்ன, ஒரு சுவரு. அந்தச் சுவரை இழுத்துக்கிட்டுப் போறோம்" என்றார். ஆனால் ஏற்றத்தில் கனம் பேசும். மலையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆகவே குறைப்பது நல்லதுதான்.

இறக்கத்தில் கார் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளுமாம். எவ்வளவு என்று விசாரிக்கிறோம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

இங்வில்


ஃபாகெர்நெஸ்
ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

எண்ணெய் தேய்க்கிறேன். பலன் வாசனை மட்டும்.

பிள்ளைகள் வரவில்லை. ஆக்னெஸ் பத்தாவது. டிரூடேவுக்குப் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது.

ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்று எழுதியிருந்தாய். அதனால் அவர்களுடைய அடுக்குக் கட்டிலைக் கழற்றினேன். மெத்தைகளோடு 34 கிலோ. மேல்கட்டிலின் அடிப்பலகையில் டிரூடே ஒரு குதிரை வரைந்திருக்கிறாள். கீழே படுத்திருந்த ஆக்னெஸ் மட்டுமே அதைப் பார்த்திருக்க முடியும். பலகை 6 கிலோ. அதையும் எடுத்துவிட்டேன். 34இல் அது சேர்த்தி.

குளிர்பெட்டி 31. மேசை 13. இப்போது தொப்பியை அணிந்துகொண்டே மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். தொப்பி குளிருக்கு, மேசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குன்வோர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "சிந்த்ரே, இன்னும் ரெண்டு நாள் இப்படியே கழட்டு. அப்புறம் காரே வேணாம், நானே தோள்ல தூக்கிட்டுப் போய் உங்க அக்கா வீட்ல வெச்சிடறேன்."

"அக்கா இன்னும் சரின்னு சொல்லலயே."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மொத்தம் 161.

வயலில் தண்ணீர் தேங்குகிறதா? சக்கரத்துக்கடியில் பலகை போட வேண்டுமா என்று தெரிந்தால் கொஞ்சம் பலகை வைத்துக்கொள்வேன்.

உங்கள் நலத்தைப் பற்றி எழுது.

சிந்த்ரே


ஃபேர்டே
ஏப்ரல் 30

சிந்த்ரே,

அவசரமாக இந்தத் தபாலட்டை. பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன. எங்கள் வயலை ஜூன் பாதிவரை அவருக்கு விட்டிருக்கிறோம். பிறகு மலைக்கு ஓட்டிவிடுவார். எல்லோரும் சுகம்.

இங்வில்


ஃபாகெர்நெஸ்
மே 5

அன்புள்ள அக்கா,

ஆட்டுக்குட்டிகள் நலமா?

ஜூன் பாதியில் அவை மலைக்குப் போகும். ஜூன் 20 எனக்குக் கெடு. கணக்கு பொருந்துகிறது. நீ அப்படி நினைத்து எழுதவில்லை என்று தெரிகிறது.

வெந்நீர்க் கொதிகலன் 15. அலமாரிக் கதவுகள் 12. கருவிப் பெட்டிகள் 38. கேஸ் அடுப்பும் கடைசி சிலிண்டரும் 34. மொத்தம் 260. உள்ளே நடந்தால் எதிரொலிக்கிறது. முகாமின் மின்சாரத்தில் ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிறது. சாப்பாடு ஸ்வெர்ரேயிடம், என் கேஸ் அடுப்பில் சமைத்தது.

நீ சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. தூரம் சொல்கிறாய், ஏற்றம் சொல்கிறாய், காற்று சொல்கிறாய். ஒவ்வொன்றுக்கும் நான் எதையாவது கழற்றுகிறேன். இனிக் கழற்ற மிச்சம் இருப்பது நான் படுக்கும் பலகை.

அடுத்த எண்ணைச் சொல்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். கவனித்துக்கொள்.

சிந்த்ரே


ஃபேர்டே
மே 19

அன்புள்ள சிந்த்ரே,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று முன்தினம் தேசிய நாள் ஊர்வலம். பள்ளிக் குழந்தைகள், வாத்தியம், கொடி. ஐலிவ் உன்னைப் பற்றிக் கேட்டார். "சிந்த்ரே எப்ப வர்றான்? கொக்கியத் துடைச்சு வெக்கணும்ல." நான் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாததை முதலில் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று பட்டது.

பிப்ரவரி 25 அன்று, உனக்கு முதல் பதில் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு, போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் காரின் பதிவு எண்ணையும் உன் கேரவனின் எண்ணையும் கணினியில் போட்டுப் பார்த்தாள். காருக்கு அனுமதித்த மொத்த எடை 2,680. உள்ளே பேட்டரி இருப்பதால் அவ்வளவு. கேரவனுக்கு 1,500. கூட்டினால் 4,180. என்னுடைய சாதாரண லைசென்ஸுக்கு வரம்பு 3,500. ஐலிவுடையதும் அதே. பழைய பெட்ரோல் காராக இருந்திருந்தால் வரம்புக்குள் வந்திருக்கும். கார் இழுக்கும், சிந்த்ரே. இழுக்க அனுமதி இல்லாதது எங்களுக்குத்தான்.

"கேரவன் உள்ள இருக்கறத எல்லாம் எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னு இதுக்கு நாங்க பாக்கறதில்லம்மா. நீங்க வெறும் கூட்டை இழுத்துட்டு வந்தாலும் பதிவுல இருக்கறதுதான் எடை."

இது தெரிந்த பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். தூரத்தை எழுதினேன், மலையை எழுதினேன். இதை எழுதவில்லை. மற்ற காரணங்கள் தீர்ந்தால் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ அடுப்பைக் கழற்றியதாக எழுதினாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீ கட்டிலைக் கழற்றினாய்.

வயலில் தண்ணீர் தேங்காது. ஐலிவ் பிப்ரவரியிலேயே "வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்குட்டிகள் இருப்பது உண்மை, ஆனால் மேல்பாதியில் மட்டும்.

நான்தான் வேண்டாம் என்று இருந்தேன். போன முறை நீ தினமும் ஐந்தரை மணிக்கு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாய். நான் எழுந்து வரும்போது மார்தேயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாய். பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் என் காலைக் காபியைக் காருக்குள் உட்கார்ந்து குடித்தேன். அலுவலக வாகன நிறுத்துமிடத்தில். உனக்குத் தெரியாது. ஐலிவுக்கும் தெரியாது.

ஒரு நாள் பயிற்சி இருக்கிறதாம். அதை முடித்தால் வரம்பு 4,250 ஆகும். பரீட்சை இல்லை. ஃபேர்டேயில் ஜூன் 6 அன்று நடக்கிறது. இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இங்வில்


ஃபாகெர்நெஸ்
மே 28

அக்கா,

முழங்கால் அப்படியே.

உன் கடிதத்தை நான்கு நாள் மடித்து வைத்திருந்தேன். பிறகு ஸ்வெர்ரேயிடம் கொடுத்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். என் குரலில் அதைக் கேட்க விருப்பமில்லை. எண்கள் வரும் இடம் வரை வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"அப்ப ரெண்டு மாசமா நாம எடை போட்டது?"

"மேல படி."

படித்தான். காபி வரும் இடத்தில் மெதுவாகப் படித்தான். முடித்துவிட்டு, தராசைச் சுவரிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான்.  

பொருட்கள் இருக்கும் இடம்: இரண்டு அடுப்புகள், கூடாரம், சிலிண்டர்கள் ஸ்வெர்ரேயிடம். குளிர்பெட்டி குன்வோரின் சலவைக் கூடத்தில். மேசை, கதவுகள் மே மாதக் குப்பை வண்டியில் போய்விட்டன. கட்டில் பலகைகளைக் கோழிக் கூண்டு கட்ட ஒருவர் வாங்கிக்கொண்டார். குதிரை கோழிகளுக்கு மேலே இருக்கும்.

ஐந்தரை மணிக்கு எழுந்தது தூக்கம் வராததால். உன் சமையலறையில் விளக்கு நன்றாக இருந்தது. நீ வந்து நின்று கேட்டதால் நீ கேட்க விரும்புவதாக நினைத்தேன். நீ காபியை ஊற்றிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சீக்கிரம் போகிறாய் என்று நினைத்தேன்.

ஸ்வெர்ரேயிடம் டீசல் வேன் இருக்கிறது, அதற்கான லைசென்ஸும் இருக்கிறது. இத்தனை மாதம் தன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டான். போய்ச் சேர இடம் இல்லாதபோது வண்டியைக் கேட்டு என்ன செய்வது. ஹேனெஃபோஸ் பக்கத்தில் அவன் அண்ணனுக்கு ஒரு ஜல்லி முற்றம் உண்டு. தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஜூன் 18 அன்று அங்கே இழுத்துப்போய் விடுவதாகச் சொல்கிறான்.

ஆகவே நீ பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் மூன்றாம் நாள் வரை இருந்தது.

ஐலிவிடம் கொக்கியைத் துடைக்க வேண்டாம் என்று சொல்.

சிந்த்ரே


ஃபேர்டே
ஜூன் 7

அன்புள்ள சிந்த்ரே,

நேற்றுப் பயிற்சிக்குப் போனேன். ஏழு மணி நேரம். என்னோடு இரண்டு பையன்களும் குதிரை ஏற்றும் டிரெய்லரைக் காரில் இழுக்க வேண்டிய ஒரு பெண்ணும். பாதி நேரம் டிரெய்லரோடு பின்னால் எடுப்பதுதான். பயிற்சியாளர் ஜன்னலில் கையை ஊன்றி நின்றுகொண்டு, "இடது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிங்க. யோசிக்காதீங்க. யோசிச்சா மடங்கிரும்" என்றார். நான் யோசித்தேன். மடங்கியது. நான்கு முறை. ஐந்தாவது முறை நேராகப் போனது.

ஐலிவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காபி உட்பட. "காருக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கொக்கியைத் துடைத்தார்.

ஜூன் 16 அன்று காலை கிளம்பி மதியம் அங்கே வருவேன். தனியாக. முகாமில் சார்ஜ் போட மூன்று மணி நேரம் வேண்டும், குன்வோரிடம் கேட்டு வை. அன்றே திரும்புவோம்.

ஜல்லி முற்றம்தான் வேண்டும் என்று நீ முடிவு செய்திருந்தால் அதை வாசலில் சொல். நான் காலி வண்டியோடு திரும்பிப் போகிறேன். காலியாக இருந்தால் கார் நன்றாகவே ஓடும், அது சிக்கல் இல்லை. சம்மதம் என்று நீ முன்கூட்டி எழுத வேண்டாம். உன்னை நான்கு மாதம் காக்க வைத்தேன். எனக்கு ஒன்பது நாள் போதும்.

தலைவலி இல்லை.

இங்வில்


களஞ்சியத்துக்குப் பின்னால்
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

இதை நானே உன் தபால் பெட்டியில் போடுகிறேன். கேரவனிலிருந்து நூற்றுப் பத்து காலடி. முழங்கால் ஒப்புக்கொள்கிறது.

வந்து பதினாறு நாள் ஆகிறது. வரும் வழியில் நாம் பேசியது நான்கு வாக்கியம். லேர்டாலில் நீ தனியாகவே கேரவனைக் கழற்றினாய். என்னை இறங்க விடவில்லை. பின்னால் காத்திருந்த ஆள், "இதெல்லாம் இழுக்கணும்னா டீசல் வெச்சுக்கக் கூடாதா?" என்றபோது நீ, "கூடாது" என்றாய். அது அந்த நான்கு வாக்கியத்தில் சேராது. ஃபேர்டேயில் வந்து நின்றபோது பேட்டரியில் பதினொரு சதவீதம் மிச்சம். நல்ல கார். மலையில் மூச்சுகூட வாங்கவில்லை.

நான் இதுவரை உன் சமையலறைக்கு வரவில்லை. கவனித்திருப்பாய்.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். கேரவனுக்கு மின்சாரம் உங்கள் கார் கொட்டகையிலிருந்து வருகிறது. கேஸ் அடுப்பைக் கொடுத்துவிட்டதால் மின்சார அடுப்புத் தட்டில் சமைக்கிறேன். கார் சார்ஜில் இருக்கும்போது நான் தட்டைப் போட்டால் ஃபியூஸ் விழுகிறது. ஐந்து முறை விழுந்துவிட்டது. ஐந்து முறையும் ஐலிவ் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து ஏற்றினார். "யாரு முதல்ல செருகினாங்க?" என்று கேட்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் போல.

நீ காரை எத்தனை மணிக்குச் செருகுகிறாய்? அதற்கு முன்போ பின்போ நான் சமைத்துக்கொள்கிறேன். எனக்கு எந்த நேரமும் ஒன்றுதான்.

நீங்கள் இருவரும் சுகம் என்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

சிந்த்ரே


சமையலறை
அதே நாள்

சிந்த்ரே,

வேலை முடிந்து வந்ததும் காரைச் செருகிவிடுவேன். மறுநாள் காலைவரை அது எடுத்துக்கொண்டிருக்கும். உனக்கு நேரம் ஒதுக்க முடியாது.

இங்கே அடுப்பு வேறு மின் லைன். மூவருக்கு ஆகும் பாத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

மாலை ஐந்துக்கு வா. ஆறுக்குப் போ.

இங்வில்